காஷ்மீரி கேட் முதல் ஜல்வாயு விஹார் வரை: டில்லியில் கொலை ஊகத்தின் வரலாறு

காட்சி, கருதல், உரை என அளவைகளை வகுத்த நம் முன்னோர், மலையில் நெருப்பு உண்டென்று கருதுவதற்கும் முதலில் அங்கே புகையைக் கண்டிருக்க வேண்டும் என்றனர். துப்புத் துலங்காத கொலைகளைப் பற்றிப் பொதுஜனங்கள் செய்துவந்த ஊகங்களின் வரலாறோ, பெரும்பாலும் புகையைக் காணாமலே நெருப்பைக் கருதிய வரலாறு. டில்லிப் பிரதேசத்தில் அதன் வளர்ச்சியைத் தெளிவாகக் காணலாம்.

1835 மார்ச் 22ஆம் தேதி கம்பெனி அதிகாரி வில்லியம் பிரேசர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்காக நவாப் ஷம்சுதீன் கான் அவ்வாண்டு அக்டோபரில் காஷ்மீரி கேட்டுக்கு வெளியே தூக்கிலிடப்பட்டார். தீர்ப்புக்குப் பின்னும் நகரத்தார் வாய் ஓயவில்லை. பென்ஷன் விவகாரத்தில் நவாபோடு பகை கொண்டிருந்த கவிஞர் காலிபே காட்டிக்கொடுத்தார் என்று சந்தேகித்தனர். தூக்கில் தொங்கிய உடல் மெக்கா இருக்கும் மேற்குத் திசை நோக்கித் திரும்பிற்று என்று சொல்லி நவாபைத் தியாகியாகப் போற்றினர். ஆயினும் அவ்வூகம் வாய்மொழியாகவே உலவியது.

யமுனைக்கு அக்கரையில் உள்ள நொய்டாவில், 2008 மே 15ஆம் தேதி இரவுக்கும் மறுநாள் விடியலுக்கும் இடையே, பதினான்கு வயது நிறையாத ஆருஷி என்னும் சிறுமி ஜல்வாயு விஹார் வீட்டில் கொல்லப்பட்டபோது நிலைமை வேறாகியிருந்தது; நாடு முழுதும் செய்தி பரப்பும் தொலைக்காட்சி நிலையங்கள் பல அதே ஊரின் பிலிம் சிட்டியில் இருந்தன. காணாமற்போன வீட்டுப் பணியாளர் ஹேம்ராஜே கொலையாளி என்று முதல் நாளே யாவரும் முடிவு கட்டினர். அவ்வேளையில் அவ்வீட்டு மொட்டைமாடிக் கதவு பூட்டிக் கிடந்தது. கைப்பிடியில் ரத்தக் கறை இருந்தது. சாவி அகப்படாமையால் அன்று கதவு திறக்கப்படவில்லை. மறுநாள் திறந்தபோது, கொலையாளி என்று தேடப்பட்டவர் அங்கே பிணமாகக் கிடந்தார்.

காட்சி இத்தனை கண்கூடாகக் கருதலைப் பொய்ப்பித்த பின்னும் ஊகம் அடங்கவில்லை. ஆருஷியின் பெற்றோர் மீதும், பின்னர் வேறு மூன்று பணியாளர் மீதும், மீண்டும் பெற்றோர் மீதும் பழி சென்றது. ஆயுதம் குக்ரிக் கத்தி என்றனர், பின்னர் கோல்ஃப் மட்டை என்றனர். 2015இல் வெளிவந்த ‘தல்வார்’ திரைப்படம் அந்த ஒரே இரவைப் பல விதமாகக் காட்டியது. இவ்வூகங்களுக்கு மூலகாரணம் ஜனங்களின் ஆர்வம் மாத்திரமன்று. முதல் நாட்காலை அந்த வீட்டில் அயலாரும் நிருபரும் தடையின்றி நடமாடியதால் தடயங்கள் சிதைந்தன. சிதைந்த தடயங்களின் இடத்தைக் கற்பனை நிரப்பிக்கொண்டது.

போதிய சாட்சியம் இல்லை என்று சி.பி.ஐ. 2010 டிசம்பரில் வழக்கை முடிக்க முனைந்தது. காஜியாபாத் நீதிமன்றம் அதை ஏற்காமல், 2013 நவம்பரில் பெற்றோருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அலகாபாத் உயர் நீதிமன்றமோ, சந்தேகம் எத்துணை வலிதாயினும் நிரூபணமாகாது என்னும் நியாயத்தின்படி 2017 அக்டோபர் 12இல் அவர்களை விடுவித்தது.

கடைவீதிப் பேச்சாக இருந்த ஊகம், இவ்வாறு விசாரணையின் உள்ளேயே புகுந்துவிட்ட சக்தியாக வளர்ந்திருக்கிறது. நீதி வேண்டும் என்னும் ஜனங்களின் தாபம் மேன்மையானதே; ஆயினும் அத்தாபம் குற்றவாளியின் பெயரைக் கேட்குமுன், அன்று அந்தக் கதவு ஏன் திறக்கப்படவில்லை என்று கேட்டிருக்குமாயின், பிணமாகக் கிடந்த ஓர் ஏழைப் பணியாளர் ஒரு பகலும் ஓர் இரவும் கொலைகாரன் என்னும் பெயரைச் சுமந்திருக்க நேர்ந்திராது.