கொங்கு நாட்டில் மது ஒழிப்பு: மறியல் முதல் மீட்புக் கூட்டம் வரை

ஈரோட்டில் 1921-ஆம் ஆண்டு நடைபெற்ற கள்ளுக்கடை மறியலைக் கொங்கு நாட்டார் மறவார். பெரியார் ஈ.வெ.ரா. அவர்கள் தம் தோப்பிலிருந்த தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். அவருடைய துணைவியார் நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் தெருவிலிறங்கி மறியல் செய்தனர். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்ட இராசாசி, மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்னும் இதழை நடத்தினார். 1937 அக்டோபர் 1-ஆம் நாள் அவரது அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தது. திருச்செங்கோடும் நாமக்கல்லும் அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் கடைகள் மூடப்பட்டன.

அதன் பின்னர் நிகழ்ந்ததையும் நம் இளைஞர் அறிதல் வேண்டும். 1971-இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் மீண்டும் நீங்கியது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அதுவே மேற்கொண்டது. ஆகவே, சட்டம் கடையை மூடவும் செய்யும், திறக்கவும் செய்யும். கடை மூடியிருக்கும் நாளிலும் திறந்திருக்கும் நாளிலும் குடிநோயாளிக்குத் துணை நிற்பவர் யாவர் என்பதே நம் வினா.

நம் முன்னோர் மது விலக்கலை விடுதலையின் ஒரு பகுதியாகவே கண்டனர். 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதர் போற்றிய பஞ்சசீலத்தில் ஐந்தாவது சீலம் இதுவே. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளுள்ளும் மது அருந்தாமை ஒன்றாகும். ஆயினும் குடி நம் மக்களின் இயல்பு என்று பிறர் கூறுவதை நாம் ஒருபோதும் ஏற்கலாகாது. மலக்குழியிலும் சாக்கடையிலும் மனிதனை இறக்கிய சமூகமே, “குடிக்காமல் இவ்வேலை செய்ய முடியாது” என்று அவன் சொல்லக் கேட்டும் வாளாவிருந்தது. இழிதொழிலைச் சுமத்தியோர் அதன் நோயையும் அவன் மேலேயே பழியாகச் சுமத்தினர்.

இந்நோய்க்கு வேறொரு வழி 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பிறந்தது. பில் வில்சன் என்பவர் பங்குச் சந்தைத் தரகர். குடியால் அனைத்தையும் இழந்து, சில மாதங்களாகக் குடியாதிருந்தவர். வணிகத்தின்பொருட்டு அவ்வூருக்கு வந்தார். வந்த காரியம் தோற்றது. தங்கியிருந்த விடுதியின் மதுக்கூடம் அவரை அழைத்தது. ஆனால் அவர் தொலைபேசியை எடுத்து, தம்மைப் போன்ற மற்றொரு குடிநோயாளியைத் தேடினார். அவ்வாறு கிடைத்தவர் மருத்துவர் பாப் ஸ்மித். இருவரும் பல மணி நேரம் பேசினர். பில் உபதேசம் செய்யவில்லை. தம் கதையையே சொன்னார். சொன்னவரும் பிழைத்தார், கேட்டவரும் பிழைத்தார். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் தோழமையின் தோற்றம் இதுவே.

இத்தோழமையின் கூட்டத்தில் கட்டணம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே தகுதி. முதற்பெயரைச் சொன்னால் போதும். சாதியோ, ஊரோ, உத்தியோகமோ சொல்ல வேண்டுவதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடார். வாழ்நாள் முழுவதற்கும் சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடியாதிருத்தலே குறிக்கோள். இறைவனைப் பற்றிய பேச்சு அங்கு உண்டு. ஆயினும், அவரவர் புரிந்துகொண்ட வகையில் என்பதே விதி. பெயரைக் கேட்டதும் தெருவைக் கேட்கும் நாட்டில், பெயரோடு நிறுத்திக்கொள்ளும் ஓர் அறை கிடைப்பது சிறிய செய்தியன்று.

கூட்டத்தைத் தேடுவோர்க்குச் சில சொற்கள். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தின் நடுக்கமும் வலிப்பும் நேரலாம், உயிருக்கே தீங்காகலாம். ஆதலின் முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுக. 14446 என்னும் கட்டணமில்லாத தேசியத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். அருகில் கூட்டம் நடைபெறும் இடத்தை அங்கெல்லாம் கேட்டறியலாம். திறந்த கூட்டத்திற்கு எவரும் செல்லலாம். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உடையோர்க்கு மட்டும் உரியது. ஒரு கூட்டம் மனத்துக்கு ஒவ்வாவிடின் மற்றொன்றுக்குச் செல்க. மறுபடி குடித்துவிட்டாலும் வெட்கி ஒதுங்க வேண்டா; கதவு திறந்தே இருக்கும். குடிநோயாளியின் வீட்டாருக்கென ‘அல்-அனான்’ என்னும் தனிக் கூட்டம் 1951 முதல் உண்டு.

கல்விச் சங்கத்தின் மலரில் இக்கட்டுரை எதற்கு என்று சிலர் வினவலாம். பள்ளியை இடையில் விட்ட பிள்ளைகளின் பெயருக்கு எதிரே ‘குடும்பச் சூழ்நிலை’ என்று ஆசிரியனாகிய நானே பலமுறை எழுதியுள்ளேன். அச்சொல்லின் பொருள் பல வேளைகளில் தகப்பனின் குடியே என்பதை அறிந்தும், அவ்வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை சென்று அமர்ந்தேனில்லை. அது என் குறை.

நம் சங்கக் கட்டடத்தில் மாலை வகுப்பு முடிந்தபின் ஓர் அறை வாளா கிடக்கிறது. வாரத்தில் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம், அதனை இத்தகைய கூட்டத்திற்கு அளிப்போம். இத்தோழமையினர் வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை. இடத்திற்கும் தம் உண்டியலிலிருந்தே வாடகை தருவர். ஆதலின் அவர்கள் தரும் சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு, திறவுகோலைக் கொடுத்துவிட்டு, நாம் வெளியே நிற்போம். உள்ளே யார் வந்தார் என்று கேட்கவும் வேண்டா, ஊரில் சொல்லவும் வேண்டா. அத்தகப்பனின் பிள்ளை மறுநாள் வகுப்புக்கு வருமாயின், அதுவே நம் வெள்ளி விழாவின் பயன்.