எரிபொருள் விலையும் தொழிலின் ஆயுளும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் வடக்கனந்தல். மலையில் பிறந்து வரும் கோமுகி ஆற்றின் அணையும், கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இதன் அருகிலேயே உள்ளன. அரவைப் பருவத்தில் கரும்பு வண்டிகள் வரிசையாக நிற்கும் அந்த ஆலையின் கொதிகலனில் எரிவது, அங்கே பிழிந்தெடுத்த கரும்பின் சக்கையே. எரிபொருள் விலையும் மின்கட்டணமும் ஏறிவரும் இந்நாளில் தொழில் நடத்துவோர் சிந்திக்க வேண்டிய செய்தி இதில் அடங்கியுள்ளது. அதனை உணர, பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் வாழ்ந்து மறைந்த மற்றொரு தொழிலின் வரலாற்றை முதலில் அறிதல் நலம்.

கரியால் வளர்ந்து கரியால் தளர்ந்த தொழில்

சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களின் மலையடிவார ஊர்களில் இரும்பு உருக்குதல் தொன்மையான கைத்தொழில். மண்ணால் அமைத்த சிறிய உலை, தோல் துருத்தி, மரக்கரி ஆகியவையே அதன் கருவிகள். உலை சிறிது, எனவே அது கேட்ட கரியும் சிறிதே. காடு அதனைத் தாங்கிற்று.

1830ஆம் ஆண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் கடற்கரையில் உள்ள பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலையை நிறுவினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த காலத்தில் அவர் சேலத்து இரும்புத் தாதுவின் உயர்வைக் கண்டறிந்திருந்தார். தாது சேலத்திலிருந்து ஆற்றுவழியாகப் படகுகளில் வந்தது. கரி சுற்றுவட்டாரக் காடுகளிலிருந்து வந்தது. இங்கு வார்க்கப்பட்ட இரும்பு இங்கிலாந்து வரை சென்று நற்பெயர் பெற்றது.

ஆயினும் தொழில் நிலைக்கவில்லை. ஒரு டன் கரி பெற நான்கைந்து டன் விறகு வேண்டும். ஒரு டன் இரும்பு வார்க்கவோ பல டன் கரி வேண்டும். அருகிலுள்ள காடு அழிந்ததும் தொலைவிலுள்ள காட்டை நாட நேர்ந்தது. தொலைவு கூடக்கூட வண்டிக்கூலி கூடியது. கூலி கூடக்கூடக் கரியின் விலை ஏறியது. 1853இல் புதிய நிறுவனம் பொறுப்பேற்றும் இக்கணக்கு மாறவில்லை. 1870களுக்குள் அம்முயற்சி முற்றிலும் ஓய்ந்தது. தாதுவில் குறையில்லை, தொழிலாளர் திறமையிலும் குறையில்லை. முதலீட்டுக் குறையும் பிற இடர்களும் உடனிருந்தபோதிலும், எரிபொருளே அத்தொழிலின் ஆயுளை அளந்தது எனலாம்.

இதே இடர் இங்கிலாந்துக்கும் முன்னரே நேர்ந்ததுண்டு. அங்கே மரக்கரி அரிதானபோது, 1709இல் ஆபிரகாம் டார்பி என்பவர் நிலக்கரியிலிருந்து பெற்ற கற்கரியைக் கொண்டு இரும்பு உருக்கினார். 1828இல் ஜேம்ஸ் நீல்சன், உலைக்குள் செலுத்தும் காற்றை முன்னதாகச் சூடாக்கும் முறையைக் கண்டு எரிபொருள் செலவைப் பெரிதும் குறைத்தார். முன்னவர் எரிபொருளை மாற்றினார்; பின்னவர் அதன் தேவையைக் குறைத்தார். பரங்கிப்பேட்டையோ தன் மரக்கரியை விட்டு வெளிவர இயலாமல் நின்றது.

சக்கையே எரிபொருள்

கரும்பாலையின் இயல்பு வேறு. ஆலைக்கு வரும் கரும்பின் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு சக்கையாக எஞ்சுகிறது. வயலோரத்தில் வெல்லம் காய்ச்சுவோர் அதனை உலர்த்திக் கொப்பரை அடுப்பில் இடுவது நெடுநாள் வழக்கம். சர்க்கரை ஆலைகள் அம்மரபையே பெரிய அளவில் கைக்கொண்டன. சக்கையால் நீராவி; நீராவியால் சுழலி சுழன்று மின்சாரம்; சுழலியை விட்டு வெளிவரும் நீராவியால் சாறு காய்ச்சுதல் என ஒரே வெப்பம் இருமுறை பயன்படுகிறது. கொதிகலனின் அழுத்தத்தை உயர்த்தினால் அதே அளவு சக்கையில் கூடுதல் மின்சாரம் கிடைக்கும். அவ்வாறு இணைமின் நிலையம் அமைத்த ஆலைகள் தம் தேவை போக எஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றன.

எனினும் சக்கையும் என்றும் விலையற்றதாக இருக்கவில்லை. கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சக்கையிலிருந்து காகிதம் செய்யத் தொடங்கியபின், ஆலைகள் சக்கையைத் தந்து மாற்று எரிபொருள் பெறும் ஏற்பாடுகளும் தோன்றின. கழிவின் பயன் அறியப்பட்டதும் அது சரக்காகிறது. மழை பொய்த்துக் கரும்பு குறைந்தால் சக்கையும் குறையும் என்பதும் மறத்தற்குரியதன்று.

மின்வெட்டு கற்பித்த பாடம்

2008ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ்நாட்டில் உயரழுத்த மின்நுகர்வோருக்கு 40 விழுக்காடு மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. பல தொழிற்கூடங்கள் டீசல் ஜெனரேட்டரை நம்பின. அம்மின்சாரத்தின் விலையோ வாரிய மின்சாரத்தினும் மிக்கது. பின்னர் 2012 ஏப்ரலிலும் 2022 செப்டம்பரிலும் கட்டணம் உயர்ந்தது. பின்னைய உயர்வின்போது சிறு, குறு தொழில்முனைவோர் நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் எதிர்த்துக் குரல் எழுப்பினர்.

இந்நெருக்கடியில் பலர் தம் கூடத்திற்குள்ளேயே விடை தேடினர். மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகள் பல, முன்பு நாற்றத்தோடு வெளியே விட்ட கழிவுநீரிலிருந்து எரிவாயுவும் மின்சாரமும் பெற்றன. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கான உமி, அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் கொதிகலனுக்கு எரிபொருளாயிற்று. கூரைமேல் சூரியத் தகடு அமைத்தோரும் உளர். பெருஞ்செலவு செய்ய இயலாதோர், நீராவிக் குழாயின் கசிவை அடைத்தல், பழைய மோட்டாரை மாற்றுதல், மின்தேக்கி பொருத்துதல், உச்சநேரத்தில் இயங்க வேண்டாத எந்திரங்களை வேறு நேரத்துக்கு மாற்றுதல் ஆகியவற்றால் பயன் கண்டனர். இவை அனைத்திற்கும் முதற்படி, எந்த எந்திரம் எவ்வளவு மின்சாரம் கொள்கிறது என்று அளந்து எழுதிவைத்தலே.

விலை ஏறுதலைத் தடுக்கும் ஆற்றல் தனி வணிகரிடம் இல்லை. பரங்கிப்பேட்டையில் ஆண்டுதோறும் காடு தொலைவில் விலகிச் சென்றது; கரியின் விலையும் உடன் ஏறியது. அந்தத் தொலைவே வரப்போகும் இடரை உணர்த்திய முன்னறிவிப்பு. தேவையைச் சுருக்குவதும், ஒரே எரிபொருளை நம்பியிராமல் இரண்டாவது வழியை நற்காலத்திலேயே அமைத்துக்கொள்வதும் அந்த இரும்பாலையின் வீழ்ச்சி தரும் பாடங்கள். தன்னிடமுள்ள எச்சத்தைக் கண்டுகொள்வதோ கச்சிராயபாளையத்தின் சக்கை நாள்தோறும் எரிந்து காட்டும் பாடம்.