கரிகாலனைக் கொன்றது யார்? கல்கி மூடிய கதவும் திறந்த கதவும்

பொன்னியின் செல்வனை நம்மில் பெரும்பாலோர் பதினான்கு, பதினைந்து வயதில் முதன்முறையாக வாசித்திருப்போம். அந்த வயதில் அது வரலாற்று நாவலாக நம்மிடம் வந்து சேர்வதில்லை. வால்நட்சத்திரம், நிலவறை, பனை இலச்சினை மோதிரம், நள்ளிரவில் பள்ளிப்படைக் காட்டில் கூடும் சதிகாரர்கள் என்று விரியும் அந்தக் கதை நமக்கு ஒரு மர்ம நாவல்தான். வீரபாண்டியனின் தலையைக் கொய்த ஆதித்த கரிகாலனைப் பழிவாங்கச் சபதம் செய்த கூட்டம் ஒன்று இருக்கிறது. அது வெல்லுமா, வென்றால் யார் கையால் என்ற கேள்வியே ஐந்து பாகங்களையும் இழுத்துச் செல்கிறது.

கடம்பூர் மாளிகையில் கொலை நிகழ்கிறது. விளக்கு அணைகிறது. நந்தினி அங்கே இருக்கிறாள். ஒளிந்திருக்கும் வந்தியத்தேவன் இருக்கிறான். மணிமேகலை இருக்கிறாள். காளாமுக வேடத்தில் பெரிய பழுவேட்டரையர் இருக்கிறார். பழி வந்தியத்தேவன் மீது விழுகிறது. அவனைக் காக்க மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள். பழுவேட்டரையரும் தம்மேல் குற்றத்தை ஏற்று உயிர்விடுகிறார். வாசகனுக்கோ உறுதியான விடை கிடைப்பதில்லை. எழுபது ஆண்டுகளாக இதைப்பற்றித் தர்க்கம் நடந்துகொண்டே இருக்கிறது.

கல்கி எனக்கு இன்றும் விருப்பமான எழுத்தாளர். ஆனால் மர்ம நாவல் என்ற வகையில் பொன்னியின் செல்வன் ஏமாற்றமளிக்கும் படைப்பு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இந்த ஏமாற்றம் புதிதன்று. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை கல்கி இதழில் வந்த தொடர் முடிந்தபோதே, கதை திடுமென நின்றுவிட்டதாக வாசகர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். அதற்குச் சமாதானமாகக் கல்கி ஒரு முடிவுரையையும் எழுத நேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார்.

கல்கிக்காக வாதாடுவோர் வழக்கமாகச் சொல்வது, ‘வரலாற்றிலேயே விடை இல்லாதபோது நாவலாசிரியர் எப்படித் தருவார்?’ என்பது. கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்தைக் கல்வெட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 1920இல் படியெடுக்கப்பட்டது. நாவல் தொடங்கும் வீரநாராயண ஏரிக்கு அருகிலேயே, வந்தியத்தேவன் குதிரையேறிச் செல்லும் அதே வட்டாரத்தில் இந்தக் கல் நிற்கிறது என்பது ஒரு சுவையான செய்தி. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு மன்னன் அனுப்பிய ஆணையை அது குறிக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள், அவர்களது உறவினர் ஆகியோரின் உடைமைகளைப் பற்றிய ஆணை அது. கொலையாளிகளின் பெயர்களும் அதில் உள்ளன. சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் என்று சகோதரர்களை அது வரிசைப்படுத்துகிறது.

கொன்றவர் யார் என்பதை வரலாறு மறைக்கவே இல்லை. மேலும் ஒன்று: பிரமாதிராசன் என்பது அந்தண உயர் அலுவலர்களுக்கு அரசு வழங்கிய பட்டம். ‘இருமுடிச்சோழ’ என்ற முன்னொட்டு சோழ அரசோடு இருந்த நெருக்கத்தைச் சொல்கிறது. காட்டில் ஆந்தைக் குரல் எழுப்பித் திரிந்த மந்திரவாதிகளாக இவர்களைக் கருத இடமில்லை. நிர்வாகத்தின் உள்ளேயே அமர்ந்திருந்த பெரிய மனிதர்கள் இவர்கள்.

வரலாறு சொல்லாமல் விட்டது வேறொன்று. இவர்களுக்குப் பின்னால் யாரேனும் இருந்தார்களா என்பதே அது. கொலைக்குப் பின் அரியணை ஏறியவர் அருண்மொழியின் சிற்றப்பன் முறையினரான உத்தம சோழர். 985 வரை அவர் ஆண்டார். கல்வெட்டோ இராசராசன் காலத்தில்தான், ஏறக்குறைய 987இல், வருகிறது. இந்த இடைவெளியைக் கண்டு நீலகண்ட சாஸ்திரி 1935இல் வெளிவந்த ‘சோழர்கள்’ நூலில் உத்தமர்மேல் ஐயம் கொண்டார். 1949இல் வந்த பிற்காலச் சோழர் சரித்திரத்தில் சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். உத்தமரின் மகன் கண்டராதித்தன் இராசராசனின் ஆட்சியில் உயர் பொறுப்பில் இருந்ததையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். கல்வெட்டின் ஆண்டு நில உடைமை பற்றிய நடவடிக்கைக்கு உரியதே தவிர தண்டனைக்கு உரியதாக இருக்க வேண்டியதில்லை என்ற கருத்தும் உண்டு. வழக்கு முடியவில்லை.

கல்கி எழுதத் தொடங்கியபோது இவ்விரு நூல்களும் அச்சில் இருந்தன. அவர் செய்தது என்ன? வரலாறு தெளிவாகச் சொன்ன கொலைக்கரத்தை இருட்டில் மறைத்தார். வரலாறு திறந்து வைத்திருந்த ஐயத்தையோ அடியோடு தீர்த்துவைத்தார். அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் பிள்ளையே அல்லன்; பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனே உண்மையான மகன்; அவனே உத்தம சோழனாக முடிசூடுகிறான் என்று ஆள்மாற்றம் செய்துவிட்டார். குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர் விசாரணையே இல்லாமல் விடுதலையாகிறார்.

இதன் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. செங்கல் தளிகளைக் கற்றளிகளாக எடுப்பித்த செம்பியன் மாதேவி, திருவிசைப்பா பாடிய கண்டராதித்தர் ஆகியோரின் மகனைக் கொலைச் சதியோடு இணைத்துப் பார்க்கக் கல்கியின் மனம் ஒப்பியிராது. தமிழ் வாசகர்களும் ஒப்பியிருக்க மாட்டார்கள்.

இதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஒரு நாவல் வந்தது. ஜோசபின் டே எழுதிய ‘காலத்தின் மகள்’, 1951இல். அங்கும் 1483இல் மறைந்துபோன இளவரசர்கள், அரியணை ஏறிய சிற்றப்பன் மூன்றாம் ரிச்சர்டு, பல நூற்றாண்டுப் பழி. காலொடிந்து மருத்துவமனையில் கிடக்கும் ஒரு காவல் அதிகாரி ஆவணங்களை வரவழைத்து, ஒவ்வொன்றாகப் புரட்டி, ரிச்சர்டு குற்றமற்றவர் என்ற முடிவுக்கு வருகிறார். முடிவை நாம் ஏற்காமல் போகலாம். ஆனால் சான்றுகள் நம் கண்முன் வைக்கப்படுகின்றன. துப்பறியும் கதையின் அறம் அதுதான். கல்கியிடம் வாசகன் எதிர்பார்த்துக் கிடைக்காமல் போனதும் அதுவே.

மணிரத்னத்தின் திரைப்படம் 2022, 2023 ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்தபோது ஆள்மாற்றத்தைக் கைவிட்டது. மதுராந்தகனே முடிசூடுகிறான். கரிகாலனோ சாவைத் தானே வரவேற்பவனாகிறான். கொலையின் மர்மம் காதலின் துயரமாக உருமாறியது. அதன் பிறகு வகுப்பறையில் கேள்வி கேட்கும் மாணவர்கள் கூடினார்கள். கல்வெட்டைக் கேள்விப்பட்டவர்கள் மட்டும் கூடவில்லை.

ஆண்டிபட்டிக் கணவாய்க்கு இப்பாலும் அப்பாலும் வாழும் எங்களுக்கு இதில் இன்னொரு உறுத்தலும் உண்டு. வைகைக்கரை பாண்டிய நாடு. வீரபாண்டியனும் ஒருகாலத்தில் ‘சோழன் தலைகொண்ட’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டவன்தான். தலைக்குத் தலை என்ற அந்தக் கொடிய கணக்கில் இரு பக்கமும் அரசியல் இருந்தது. நாவலில் ஒரு பக்கத்துக்கு வீரமும் மறுபக்கத்துக்கு மாயமந்திரமும் வாய்த்துவிட்டன. பெரும்பாலான வாசகர்களின் நினைவில் ரவிதாசன் இன்று அந்த ஆந்தைக் குரலாக மட்டுமே எஞ்சியிருக்கிறான்.

பொன்னியின் செல்வனை இளையோர் வாசிக்கட்டும். வாசிப்புப் பழக்கத்துக்கு அதைவிட நல்ல வாசல் தமிழில் அதிகம் இல்லை. கடைசிப் பக்கத்தை மூடியதும் எழும் ஏமாற்றத்தோடு அவர்களை விட்டுவிடாமல், உடையார்குடிக் கல்வெட்டின் வாசகத்தை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். கல்கி முடிக்காத விசாரணையை அவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.