எதிர்க்கரைக்கு நீண்ட கைகள்

சுங்கை ஊடாங்குக்கு எதிரே, மலாக்கா நீரிணைக்கு அப்பால் இருப்பது சுமத்ரா. அதன் வடமுனையிலுள்ள ஆச்சேயை 2004 டிசம்பர் 26-இல் சுனாமி சூறையாடியது. நம் முன்னோர் கப்பலேறிய நாகப்பட்டினத்தையும் அன்றே தாக்கியது. இறந்தோரை மதம் பாராமல் அடக்கம் செய்ய நாகூர் தர்கா இடம் கொடுத்தது.

நம் நாட்டிலிருந்து ஆச்சேக்கு விரைந்தவர்களில் மெர்சி மலேசியாவினரும் அடங்குவர். கொசோவோ போரையொட்டி 1999-இல் டாக்டர் ஜெமிலா மாமூட் தொடங்கிய அமைப்பு அது. மக்கள் தந்த நன்கொடை மருந்தாயிற்று; தொண்டர்களாகச் சென்ற மருத்துவர்களும் தாதியரும் அதை நோயாளிகளிடம் சேர்த்தனர். பணம் மட்டும் போயிருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

பொன்விழா காணும் நம் சங்கமும் வெளிநாட்டு நிவாரணத்துக்கென நிதி ஒதுக்கட்டும். ஆண்டுக்கு ஒருவரையாவது பயிற்சி பெற்ற தொண்டராக அனுப்பட்டும். இன்ஷா அல்லாஹ்.