நூற்றுவர்க்கு ஒரு தங்கை

மகாபாரதத்துப் பெண்டிர் என்றவுடன் திரௌபதியும் குந்தியும் காந்தாரியுமே நம் நினைவுக்கு வருவர். துரியோதனன் முதலிய நூற்றுவர்க்கு ஒரே தங்கையாகப் பிறந்த துச்சளையை நினைப்பவர் சிலரே. ஆயினும், பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் பிணைக்கும் உறவு எத்துணை வலிமையுடையது என்பதற்கு அவள் கதை சிறந்ததொரு சான்றாகும்.

பாரதம் ஒரு காலத்தில் ஒருவரால் எழுதி முடிக்கப்பெற்ற நூலன்று. ஏறத்தாழ கி.மு. 400க்கும் கி.பி. 400க்கும் இடையே அது படிப்படியாக வளர்ந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. புனேயிலுள்ள பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சிக் கழகத்தார், நாட்டின் பல பகுதிகளிலும் கிடைத்த சுவடிகளை ஒப்பிட்டு, 1919இல் தொடங்கிய ஆய்வுப் பதிப்பை 1966இல் நிறைவு செய்தனர். ஆதலின் துச்சளையின் கதையை ஓர் ஆண்டில் நிகழ்ந்த செய்தியாகக் கொள்ளாமல், அந்நூற்றாண்டுகளில் மக்கள் போற்றிய குடும்ப அறத்தின் விளக்கமாகக் கொள்வதே பொருந்தும்.

அஸ்தினாபுரத்தில் பிறந்த துச்சளை, மேற்கே நெடுந்தொலைவிலுள்ள சிந்து நாட்டு வேந்தன் ஜயத்ரதனுக்கு வாழ்க்கைப்பட்டாள். பாண்டவர் வனத்தில் வாழ்ந்த காலத்தே, அவர்கள் வேட்டைக்குச் சென்றிருந்த வேளையில், அவன் திரௌபதியைத் தேரிலேற்றிக் கவர்ந்து சென்றான். பாண்டவர் அவனைத் துரத்தி முறியடித்தனர். அவனைக் கொன்றே தீரவேண்டும் என்றாள் திரௌபதி. தருமனோ, துச்சளையையும் காந்தாரியையும் எண்ணி, அவனைக் கொல்லலாகாது என்று வீமனைத் தடுத்தான். தலையில் ஐந்து குடுமிகள் மட்டும் எஞ்சுமாறு மழிக்கப்பெற்று, மானமிழந்து அவன் விடுபட்டான்.

இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். ஒரு பெண்ணின் மங்கல வாழ்வைக் காக்கும்பொருட்டு மற்றொரு பெண் கேட்ட நீதி குறைக்கப்பட்டது. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. சக்கர வியூகத்தினுள் புகுந்த அபிமன்யுவுக்குத் துணை செல்ல முயன்ற பாண்டவரை வழிமறித்தவன் அதே ஜயத்ரதனே. இளைஞன் தனியனாய் மாண்டான். மறுநாள் அருச்சுனன் ஜயத்ரதனைக் கொன்றான். துச்சளை கைம்பெண் ஆனாள்; அண்ணன்மார் நூற்றுவரையும் இழந்தாள்.

போருக்குப் பின், வேள்விக் குதிரையைத் தொடர்ந்து அருச்சுனன் சிந்து நாடு புகுந்தான். சிந்து வீரர் அவனை எதிர்த்துப் பொருதனர். அப்போது துச்சளை தன் பேரக்குழந்தையை ஏந்திக்கொண்டு போர்க்களத்துக்கே வந்தாள். தங்கையைக் கண்டதும் அருச்சுனன் வில்லைத் தாழ்த்தினான். அவன் வருகிறான் என்ற செய்தி கேட்டே தன் மகன் சுரதன் துயரத்தால் வீழ்ந்து இறந்தான் என்றாள் அவள். அபிமன்யுவின் மகன் பரீட்சித்து எத்தகையவனோ, அத்தகையவனே சுரதனின் மகனாகிய இக்குழந்தையும் என்று கூறி, அதற்கு அடைக்கலம் வேண்டினாள். யாரால் அபிமன்யு தனித்து விடப்பட்டானோ, அவனுடைய பேரன் அக்குழந்தை. அருச்சுனன் அரசர் குலத்துப் போரறத்தை நொந்துகொண்டான். தங்கையைத் தழுவித் தேற்றினான். துச்சளையும் தன் வீரரை விலக்கிப் போரை நிறுத்தினாள்.

பதினெட்டு நாட் போரில் அண்ணன் தம்பி உறவு அழிந்தது; ஆசான் மாணாக்கர் உறவு அழிந்தது. இரு குலத்துக்கும் இடையே அறாமல் எஞ்சி நின்று ஒரு குழந்தையின் உயிரைக் காத்தது, தொலைதூரம் மணம் செய்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் பிறந்த வீட்டு உறவே.