‘வானொலி’ இதழின் வாழ்வும் மறைவும்

பாட்டைக் கேட்பதற்கு முன்னரே அதைப் பற்றிப் படித்துவிடும் வழக்கம் எங்கள் இளமையில் இருந்தது. அவ்வழக்கத்தை வளர்த்தது ‘வானொலி’ என்னும் மாதமிருமுறை இதழ்.

இத்தகைய இதழ்களுக்கு வழிகாட்டியது இங்கிலாந்து. 1923-இல் அந்நாட்டுச் செய்தித்தாள் உரிமையாளர்கள், நிகழ்ச்சி நிரலை வெளியிடக் கட்டணம் கேட்டனர். பி.பி.சி. நிறுவனத்தார் அவ்வாண்டு செப்டம்பரில் ‘ரேடியோ டைம்ஸ்’ என்று தமக்கென ஓர் இதழையே தொடங்கிவிட்டனர். நம் நாட்டில் 1927 ஜூலையில் ‘இந்தியன் ரேடியோ டைம்ஸ்’ தோன்றிற்று. 1935 டிசம்பரில் அதன் இடத்தை ‘இந்தியன் லிசனர்’ பெற்றது. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் எழுந்தன. தமிழ் நேயர்களுக்கு நிகழ்ச்சி நிரலை அறிவிக்கும் பணியை ‘வானொலி’ ஏற்றது.

பாடுபவர் யார், பக்கவாத்தியம் யார், கீர்த்தனை எது, இராகம் என்ன என்பன அதில் அச்சாகும். நாஞ்சில் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் என் தந்தையார், விரும்பிய கச்சேரிகளின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டு வைப்பார். கும்பப்பூ அறுவடை மும்முரத்திலும் அந்த வேளை தவறமாட்டார். சங்கீதம் முறையாகப் பயிலாத அவர், கல்யாணியையும் தோடியையும் பிரித்தறியக் கற்றது அவ்விதழின் துணையால்தான்.

பின்னர்க் காலம் மாறிற்று. 1975-இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. நேயர் கவனம் கண்ணின் பக்கம் திரும்பியது. நிகழ்ச்சி விவரங்களை நாளிதழ்களும் வெளியிட்டன. வானொலியே வாயால் அறிவித்தது. தனி இதழின் தேவை குறைந்து, இறுதியில் அது நின்றுபோயிற்று.

நிகழ்ச்சி முடிந்ததும் அவ்விதழின் பயனும் முடிந்தது என்றே நானும் எண்ணினேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் பழைய ‘வானொலி’ இதழ்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. இடம் வேண்டுமென்று அவற்றை எடைக்குப் போடக் கையொப்பமிட்டவன் நானே. பல்லாண்டுகளுக்குப் பின், மறைந்த நாகசுரக் கலைஞர் ஒருவரின் பேரன் என்னிடம் வந்தார். தாத்தா வானொலியில் வாசித்த நாளையும் இராகங்களையும் அறிய விரும்பினார். ஒலிப்பதிவு கிடைக்கவில்லை. நான் எடைக்குப் போட்ட கட்டுகளுள் அவ்விவரம் இருந்திருக்கக்கூடும். வரலாறு கற்பித்த எனக்கு அன்று தலைகுனிவே மிஞ்சிற்று.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணில் அவ்விதழ் ஒன்றேனும் இருப்பின், அருள்கூர்ந்து ஒரு நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். காற்றோடு போன இசைக்கு அத்தாள்களே சாட்சி.