யார் செலவில் படை? எஷர் அறிக்கையும் 1921ஆம் ஆண்டுத் தீர்மானங்களும்

முதல் உலகப் போருக்குப் பின் இந்தியப் படையைச் சீரமைக்க எஷர் பிரபு தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கை 1920இல் வெளிவந்ததும், அதற்கு மறுமொழியாக மத்திய சட்டசபை 1921 மார்ச்சில் 15 தீர்மானங்களை நிறைவேற்றியதும் இத்துறையினர் அறிந்தவை. அவற்றை முன்மொழிந்த பி. எஸ். சிவஸ்வாமி ஐயர் மிதவாதி என்பதாலும், தீர்மானங்கள் அரசைக் கட்டுப்படுத்தாத பரிந்துரைகளே என்பதாலும், அவற்றை விண்ணப்பங்களாக மதிப்பிடுவதே ஆய்வுலகின் வழக்கமாக இருந்துவருகிறது. ஆண்டுதோறும் வழங்கப்படும் அரச ஆணைபெற்ற அதிகாரிப் பதவிகளில் நான்கில் ஒரு பங்கையாவது இந்தியர்க்குத் தரவேண்டும் என்ற கோரிக்கை, 1923இல் எட்டுப் படையணிகளை மட்டும் இந்தியமயமாக்கும் திட்டமாகச் சுருங்கியது இம்மதிப்பீட்டுக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் தீர்மானங்களின் எடை அதிகாரிப் பதவிகளில் அன்று, படையை எங்கே, யார் செலவில் அனுப்பலாம் என்ற வினாவில்தான் இருக்கிறது.

இந்தியப் படையின் நிர்வாகத்தைப் பேரரசின் மொத்தப் படைவலிமையின் ஒரு பகுதியாக அல்லாமல் வேறுவிதமாகக் கருத இயலாது என்பது எஷர் குழுவின் அடிப்படை. சட்டசபை இந்த அடிப்படையையே மறுத்தது. அந்நியப் படையெடுப்பிலிருந்து நாட்டைக் காப்பதும் உள்நாட்டு அமைதியைப் பேணுவதுமே படையின் நோக்கம் என்றும், பிற கடமைகளில் தன்னாட்சி பெற்ற டொமினியன் நாடுகளைவிடக் கூடுதலான சுமை இந்தியா மேல் விழக்கூடாது என்றும் அது வரையறுத்தது. இதன் தொடர்ச்சியாக, தற்காப்புக்காகவோ, மிகக் கடுமையான நெருக்கடியில் ஆளுநர் நாயகர் மன்றத்தின் முன்னிசைவோடோ அன்றி, எல்லைக்கு அப்பால் படையைப் பொதுவாகப் பயன்படுத்தலாகாது என்ற விதியும் வகுக்கப்பட்டது.

சிக்கல் இந்த விதியைத் தொடரும் வரம்புரையில், அதாவது பொதுவிதிக்கு விலக்களிக்கும் வாசகத்தில் எழுகிறது. பிரிட்டிஷ் அரசின் செலவிலும் இந்திய அரசின் இசைவோடும் இந்தியத் துருப்புகள் கடல்கடந்த காவற்பணியில் அமர்த்தப்படுவதற்கு விதி தடையாகாது என்கிறது அது. முன்வாசலில் மூடியதைச் சட்டசபை கொல்லைப்புறமாகத் திறந்துவிட்டது என்பதே பெரும்பாலோர் கொண்ட பொருள். இந்த வாசிப்பு வரம்புரையை அதற்கு முந்தைய சட்டநிலையோடு ஒப்பிடாததன் விளைவு.

1858ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, படையெடுப்பைத் தடுப்பது போன்ற அவசர நிலைகள் நீங்கலாக, எல்லைக்கு வெளியே நடக்கும் படை நடவடிக்கைகளுக்கு இந்திய வருவாயைச் செலவிட நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இசையவேண்டும் என்றது. இசைவு லண்டனிலேயே கேட்கப்பட்டு லண்டனிலேயே தரப்பட்டது. 1914இல் அவைகள் தந்த இசைவின்படி, பாஸ்ராவில் இறங்கிய ஒரு சிப்பாயின் மாதச் சம்பளமான 11 ரூபாயை இந்தியக் கருவூலமே தொடர்ந்து கொடுத்தது. போர்க்களத்தால் நேர்ந்த கூடுதல் செலவையே பிரிட்டன் ஏற்றது. 1921ஆம் ஆண்டு வரம்புரை இவ்விரண்டையும் மாற்ற முனைகிறது: இசைவு தரும் இடம் தில்லிக்கு நகர்கிறது, காவற்படையின் செலவு பிரிட்டனைச் சேர்கிறது. பழைய நிலையில் அரைகுறையாகத் திறந்துகிடந்த வழிக்கு விலை வைத்த வாசகத்தைச் சலுகை என்று கொள்வது பொருந்தாது.

இந்திய அரசும் பிரிட்டிஷாரின் அரசே, அதன் இசைவுக்கு என்ன மதிப்பு என்ற மறுப்பு எளிதில் எழக்கூடியது. ஆனால் ஆள்வோரின் இனம் ஒன்றாயினும் கருவூலங்கள் இரண்டு. போருக்குப் பின் பற்றாக்குறையில் தவித்த தில்லி, இராக்கில் இருந்த தன் துருப்புகளைத் திருப்பி அனுப்புமாறு லண்டனை வற்புறுத்தியது. வரம்புரை காவற்பணிக்கு மட்டுமே உரியது என்ற மறுப்பு நீண்ட விடைக்கு உரியதன்று. அமைதிக்காலத்தில் ஓயாமல் பணத்தை உறிஞ்சியது காவற்பணியே.

தீர்மானங்களே பின்னர் நேர்ந்த அனைத்துக்கும் காரணம் என்று நிறுவ முடியாது. நிதி நெருக்கடிக்கும் பங்குண்டு. சட்டசபையின் அதிகாரமும் இதனால் வளர்ந்துவிடவில்லை: 1927இல் ஷாங்காய்க்கு இந்தியத் துருப்புகள் சென்றபோது அதன் கருத்து கேட்கப்படவில்லை. எனினும் இந்தியப் படை தன் முழு விருப்பப்படி வெளிநாட்டில் பயன்படுத்தத்தக்கதன்று என்பதை லண்டன் 1922-23இல் ஒப்புக்கொண்டது. பாதுகாப்புச் செலவுப் பங்கீட்டை ஆராய்ந்த காரன் நடுவர் மன்றத்தின் முடிவையொட்டி, 1933 முதல் பிரிட்டன் இந்தியப் பாதுகாப்புச் செலவுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் பவுன் தந்தது. பிரிட்டனும் இந்திய அரசும் செய்துகொண்ட 1939 நவம்பர் உடன்பாடு, இந்தியாவின் வழக்கமான பாதுகாப்புச் செலவையும் இந்திய நலனுக்கான போர்ச் செலவையும் இந்தியாவுக்கு ஒதுக்கி, கடல்கடந்த போரின் பெருஞ்செலவைப் பிரிட்டன் மேல் சுமத்தியது. 1921இல் சட்டசபை கேட்ட செலவுக் கோட்பாட்டின் விரிந்த வடிவமாகவே அதைக் கொள்ளவேண்டும். இந்த ஏற்பாட்டின் விளைவாக, இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குத் தரவேண்டியிருந்த கடன் 100 கோடி பவுனைக் கடந்திருந்தது.